கண்டல்முனையின் புயல்

அந்தப் புயலைத் திரையில் முதலில் பார்த்தவன் ஹாஜா மைதீன். குடித்துக்கொண்டிருந்த மோரை அப்படியே கீழே வைத்துவிட்டான்.

"யா அல்லா! அக்கா, இங்க வந்து பாருங்களேன். இது புயலா, இல்ல புதுசா ஒரு கிரகம் முளைச்சிருக்கா?"

தமயந்தி எழுந்து வந்து பார்த்தாள். வங்கக் கடலின் நடுவில் வெள்ளை வெளேரென்று அது சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு கை அந்தமான் பக்கம் போயிருந்தது, இன்னொரு கை இலங்கையை எட்டிப் பார்த்தது. நடுவில் கண். பிசிறே இல்லாமல், தோசைக்கல் மாதிரி அத்தனை வட்டமான கண்ணை அவள் பார்த்ததே இல்லை. பயப்பட வேண்டிய நேரத்தில் அவளுக்குப் பயம் வரவில்லை. அடேயப்பா, எவ்வளவு அழகு என்றுதான் முதலில் தோன்றியது.

"யாரு முறை?" என்று தெரிந்துகொண்டே கேட்டாள்.

"அக்கரை. கண்டல்முனை. பாவம், போயும் போயும் அவங்களுக்கா இது வரணும்!"

தமயந்திக்குப் பயம் அப்போதுதான் வந்தது.

வெளியே வைகாசி வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. உப்பளத்தில் பெண்கள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உப்பு வாரினார்கள். மீன்பிடித் தடைக்காலம், படகுகளெல்லாம் கரையில் கிடந்தன. தாழந்துறைக் கடற்கரையில் எட்டுத் தூண்களின் மேல் நிற்கும் ஒற்றை அறைக்கு முறைக்கொட்டகை என்று பெயர். உள்ளே ஒரு திரை, ஒரு வானொலி, ஒரு நாற்காலி. நாற்காலிக்கு உரியவள் தமயந்தி, அவளுக்கு உதவியாள் ஹாஜா. அரசாங்கக் காகிதத்தில் அவள் 'அழைப்பாளர்', ஊர் வாயில் புயல்காரி. ஐம்பத்திரண்டு வயது. எட்டு வருஷமாகப் புயல்காரியாக இருக்கிறாளே தவிர, இன்றுவரை ஒரு புயலைக்கூட அழைத்ததில்லை.

புயலைப் போய் யாராவது அழைப்பார்களா என்று கேட்காதீர்கள். காலம் அப்படி ஆகிவிட்டது. முதலில் மனிதர்கள் புயலை நிறுத்தத்தான் பார்த்தார்கள். கடல் முழுக்க அறுபதாயிரம் மிதவைகளை இறக்கினார்கள். ஒவ்வொன்றும் அடியாழத்துக் குளிர்ந்த நீரை உறிஞ்சி மேலே கொட்டும். புயலுக்குச் சாப்பாடு வெந்நீர். சாப்பாடு இல்லையென்றால் அது சுருண்டுவிடும். இரண்டு வருஷம் ஒரு புயலும் கரையேறவில்லை. ஊர் உலகமெல்லாம் கொண்டாடியது. மூன்றாம் வருஷம் ஏரி குளமெல்லாம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது, கிணற்றில் இறைத்தால் உப்புத் தண்ணீர் வந்தது. அப்போதுதான் உறைத்தது, புயல் சும்மா வரவில்லை, மழையைக் கொண்டுவந்து கொட்டத்தான் வந்திருக்கிறது என்று.

சரி, நிறுத்த வேண்டாம், வழிமட்டும் விடுவோம் என்று ஆரம்பித்தார்கள். ஒரு பக்கத்து மிதவைகளை அணைத்தால் அங்கே கடல் சூடாகவே இருக்கும், புயல் அந்தச் சூட்டைப் பிடித்துக்கொண்டு போகும். அடுத்த கூத்து அங்கே தொடங்கியது. என் பக்கம் வேண்டாம், உன் பக்கம் தள்ளு என்று நாட்டுக்கு நாடு தள்ளினார்கள். கடைசியில் எவனுக்குக் குரல் இல்லையோ அவன் தலையில் போய் விடிந்தது. பர்மாவில் ஒரு தீவு இருந்த இடம் தெரியாமல் போன பிறகு, கரையோர நாடுகளெல்லாம் உட்கார்ந்து பேசின. வாய்க்காலில் தண்ணீருக்கு முறை வைத்துப் பாய்ச்சுகிற நம் டெல்டாக்காரர் ஒருவர்தான் அங்கே எழுந்து, "புயலுக்கும் முறை வைங்க" என்றாராம். நாற்பது ஊர்கள், ஒரு பட்டியல். சுற்றிச் சுற்றி வரும். கூடவே ஒரு விதி வைத்தார்கள். எந்த இயந்திரமும் தானாக வழி திறக்கக்கூடாது. அந்த ஊர் மனுஷர் ஒருவர் தன் வாயால் 'வரட்டும்' என்று சொல்ல வேண்டும். முறை இல்லாத ஊரும் முன்வந்து சொல்லலாம். இயந்திரம் காரணம் கேட்காது, குரலை மட்டும் கேட்கும்.

தாழந்துறைக்கு இதற்குமேல் சொந்தமாக ஒரு வழக்கம் உண்டு. முதல் முறை புயலை அழைத்த மனிதரை ஊரே வண்டியேறக் கூப்பிட்டபோது, "விருந்தாளிய வான்னு கூப்பிட்டுட்டு எவனாவது வீட்டப் பூட்டிக்கிட்டுப் போவானா?" என்று கேட்டுவிட்டுக் கொட்டகையிலேயே உட்கார்ந்துகொண்டார். பிழைத்தும் கொண்டார். இரண்டாம் முறை அழைத்தவரும் உட்கார்ந்தார். அதோடு அது வழக்கமாகிவிட்டது. ஊர் முழுக்கக் காலிசெய்துகொண்டு போகலாம். அழைத்தவர் மட்டும் அழைத்த இடத்தை விட்டு நகரக்கூடாது.

மூன்றாம் முறை தமயந்தியுடையது. மூன்று வருஷத்துக்கு முன், இதே வைகாசி. புயல் சின்னதுதான். ஆனால் பன்னிரண்டு வருஷம் ஓடாமல் கிடந்த செல்லியம்மன் தேர் அந்த வாரம் ஓட இருந்தது. காப்பு கட்டியாகிவிட்டது. மஞ்சள் கயிறு கட்டின கையோடு தாழந்துறைக்காரன் ஊரெல்லையைத் தாண்டி ஓர் இரவு தங்கமாட்டான், தலையே போனாலும். பேருந்துகள் வந்து நின்றன. ஏற ஆளில்லை.

அன்று அவள் வானொலியில் அக்கரையைக் கூப்பிட்டாள். இலங்கைக் கரையிலுள்ள கண்டல்முனையின் அழைப்பாளர் யோகராசா. தினமும் காலையில் காற்று எப்படி, கடல் எப்படி என்று இருவரும் பேசிக்கொள்வார்கள். முகம் பார்த்ததில்லை, பழக்கம் மட்டும் ஐந்து வருஷம்.

"தம்பி, ஒரு ஒத்தாச பண்ணணும். இந்தப் புயல் எங்க முறை. ஊருல காப்பு கட்டிட்டாங்க, ஒருத்தனும் நவுர மாட்டேங்குறான். தொண்டத்தண்ணி வத்தக் கத்திட்டேன். மூவாயிரம் சனத்த உள்ள வச்சுக்கிட்டு நான் எப்படி வரட்டும்னு சொல்லுவேன்? போதாததுக்கு நானும் இங்கேயே உக்காந்துருக்கணும். எங்க வழக்கம் அப்படி. அழைச்சவ அழைச்ச எடத்த விட்டு எந்திரிக்கக் கூடாது."

"அப்பிடியோ?" என்றார் யோகராசா. கொஞ்சம் யோசித்துவிட்டு, "சின்னப் புயல் தானே அக்கா. நாங்கள் எடுக்கிறம்" என்றார்.

"உங்க முறை வர்றப்ப நான் எடுத்துக்குறேன். சத்தியமா சொல்றேன்."

"வயலுக்குத் தண்ணி மாத்திற மாதிரி?"

"அதே மாதிரிதான் தம்பி."

"சரி. தேரை வடிவா இழுங்கோ."

சின்னப் புயல், கண்டல்முனைக்கு அருகே சூடான கடலில் கால் வைத்ததும் ஒரே பொழுதில் இரண்டு மடங்காக வீங்கியது. ஊரே முன்கூட்டிக் கிளம்பியிருந்ததால் சனங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. வீடுகள்தான் போயின. செத்தது ஒரே ஆள். தங்கள் முறைக்கொட்டகையில் உட்கார்ந்திருந்த யோகராசா. தேர்வடத்தைக் கையில் பிடித்தபடி நின்றபோதுதான் தமயந்திக்கு அந்தச் செய்தி வந்தது. வடத்தை விடவும் முடியவில்லை, இழுக்கவும் முடியவில்லை.

அவளாக யாரிடமும் போய்ச் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. வரவேண்டிய புயல் வராமல் போயிற்று, தேர் நிலைக்கு வந்து சேர்ந்தது. ஊர் தானாக ஒரு முடிவுக்கு வந்தது. ஆத்தாதான் திருப்பிவிட்டாள்! பஸ் நிறுத்தத்தில் 'புயலைத் திருப்பிய தாயே' என்று இருபதடி பேனர் ஏறியது. வைத்தவர் ஊர்த்தலைவரான நாட்டார் வைரக்கண்ணு, தமயந்தியின் கூடப்பிறந்த அண்ணன். வெளியூரிலிருந்தெல்லாம் வேண்டுதலுக்கு வந்தார்கள். தமயந்தியும் போகும்போது வரும்போது அந்த பேனருக்குக் கீழேதான் நடந்தாள். மூன்று வருஷமும் கூசிக்கொண்டே நடந்தாள்.

இப்போது யோகராசாவின் நாற்காலியில் அவர் மனைவி தவமலர் இருக்கிறாள். தமயந்தி அவளோடு அதிகம் பேசுவதில்லை. பேச நாக்கு எழாது. இன்று கூப்பிட்டாள்.

"தவமலர், தாழந்துறை பேசுறேன்."

"ஓம் அக்கா. பாத்தனீங்களோ அதை? என்ன வடிவு! இப்பிடி ஒண்டை நான் கண்டதில்லை."

"சனத்த ஏத்தியாச்சாம்மா?"

"ஏத்திக்கொண்டிருக்கிறம். நாலு மணிக்குச் சொல்லுவன். சனம் அழுது. போன முறை போன வீடுகளை இப்பதான் கட்டி முடிச்சவை, ஓடு போட்டு ஒரு மாசமும் ஆகேல்லை. என்ன செய்யிறது? எங்கட முறை."

குரலில் குற்றம் சொல்வது எதுவும் இல்லை. அவளுக்குத் தெரியாது என்பது தமயந்திக்கு அந்த நிமிஷம் பளிச்சென்று தெரிந்துவிட்டது. யோகராசா வாக்கு வாங்கியதை வீட்டில் சொல்லவில்லை. அதை அறிந்த இன்னொரு உயிர் உலகத்தில் இல்லை. சும்மா இருந்தால் போதும். நாலு மணிக்கு அங்கே ஒரு பெண் 'வரட்டும்' என்பாள், எல்லாம் முடிந்துவிடும். எத்தனை சுலபம் என்று நினைத்தபோது தமயந்திக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"நாலு மணி வரைக்கும் வாயத் தொறக்காதம்மா" என்றாள்.

"ஏன் அக்கா?"

"சொல்றேன். நாலு மணி வரைக்கும் பொறு."

ஹாஜா அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். "அக்கா, நீங்க நெனைக்கிறது எனக்குப் புடிக்கல. இந்த மாதிரி ஒண்ணு இங்க ஏறுனா ஒரு தென்னை மிஞ்சாது. உப்பளம் மூணு வருஷத்துக்கு உப்பளமா இருக்காது."

"தெரியும் ஹாஜா. மைக் செட் போடச் சொல்லு, கோயில் பந்தல்ல."

இரண்டு மணிக்குக் கோயில் வாசலில் ஊர் கூடிவிட்டது. மீனவத் தெரு, உப்பளத் தெரு, பள்ளிவாசல் தெரு, எல்லாரும் இருந்தார்கள். தமயந்தி மைக்கைப் பிடித்தாள். சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டாள். அன்றைக்குப் புயலைத் திருப்பியது ஆத்தா இல்லை. நான் கெஞ்சினேன். அக்கரையில் ஒரு மனுஷன் வாங்கிக்கொண்டான். அவன் செத்துப்போனான். பதிலுக்கு அவன் ஊர்ப் புயலை நாம் வாங்கிக்கொள்வதாகச் சத்தியம் செய்திருக்கிறேன். அந்தப் புயல் இப்போது வந்திருக்கிறது.

கூட்டம் ஒன்றாக வெடித்தது.

"யாரக் கேட்டுடீ சத்தியம் பண்ணுன?" என்றான் ஒருவன்.

"மூணு வருஷமா எங்கள முட்டாளாக்கி வச்சிருந்தியா?"

உப்பளத்துக் குணவதி மண்ணை வாரி வீசினாள். "எம் பாத்தி போயிருமேடி! ஆத்தா மேல பொய் சொல்றியே, நீ நல்லாருப்பியா?"

"ஆத்தா பொய்யில்ல குணவதி. நாந்தான் பொய். கேட்டுக்கிட்டே இருந்தேன், வாயத் தொறக்கல. என்னைய என்ன வேணா பண்ணுங்க. ஆனா நாலு மணிக்குள்ள எனக்குப் பதில் வேணும். நீங்க ஏற மாட்டேன்னா நான் சொல்ல முடியாது. அங்க அந்தப் பொண்ணு சொல்லிடும்."

யாரோ செருப்பை வீசினார்கள். அது அவள் தோளில் பட்டு விழுந்தது. அதைக் குனிந்து எடுத்து ஓரமாக வைத்தவர் வைரக்கண்ணு. தங்கையின் முகத்தைக்கூட அவர் பார்க்கவில்லை.

"அந்த ஆளு பேரென்ன?" என்று கேட்டார்.

"யோகராசா."

"நம்ம தேரு ஓடுனப்பவா செத்தான்?"

"ஆமாண்ணே."

வைரக்கண்ணு திரும்பினார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை நடந்தார். அறுபது வயது மனிதர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கம்பத்தில் ஏறி, பேனரின் கயிற்றைப் பல்லால் கடித்து அவிழ்த்தார். இருபதடி பேனர் சரசரவென்று கீழே சரிந்தது. அவர் அங்கிருந்தே கத்தினார். "என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? படகயெல்லாம் உள்ள ஏத்துங்கடா! டிராக்டரக் கொண்டாங்க!"

எல்லாரும் மனசொப்பிப் போனார்கள் என்று சொல்ல மாட்டேன். பாதிப்பேர் தமயந்தியைச் சபித்துக்கொண்டேதான் மூட்டை கட்டினார்கள். ஆனால் கட்டினார்கள்.

நாலு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"பட்டியல்படி கண்டல்முனை" என்றது இயந்திரம். "தாழந்துறை முன்வருகிறதா?"

"முன்வருது."

"அழைப்பவர் பெயர்?"

"தமயந்தி."

"சொல்லுங்கள்."

எட்டு வருஷமாக மனசுக்குள் சொல்லிப் பார்த்த சொல். இப்போது வாய்திறந்து சொன்னாள். "வரட்டும்."

திரையில் மிதவைகளின் பச்சைப் புள்ளிகள் ஒவ்வொன்றாக அணைந்தன. கடல் நடுவிலிருந்து தாழந்துறை வாசல்வரை நீளமாக ஓர் இருட்டுப் பாதை விழுந்தது. வெகுநேரம் ஒன்றுமே நடக்கவில்லை. பிறகு, வெயில் தாழும் நேரத்தில், முந்நூறு மைல் அகலமுள்ள அந்த வெண்மை மெல்ல, மிக மெல்ல, முகத்தைத் திருப்பியது. இரண்டு உதடு அசைந்ததற்கு அத்தனை பெரியது திரும்புகிறது! ஹாஜா வாய்க்குள் ஏதோ ஓதினான்.

"அக்கா!" வானொலியில் தவமலர் பதறினாள். "என்ன செய்துபோட்டியள்? எங்கட முறையெல்லோ?"

தமயந்தி வாக்கைப் பற்றிச் சொன்னாள். "அவர் எனக்கு இதைச் சொல்லேல்லை" என்று மட்டும் மறுமுனையிலிருந்து வந்தது.

மூன்றாம் நாள் காலை ஊரில் ஈ காக்கை இல்லை. கடைசி வண்டியை நிறுத்திவைத்துவிட்டு வைரக்கண்ணு கொட்டகைப் படியேறி வந்தார். வானம் கன்னங்கரேலென்று இருந்தது. காற்று அப்போதே வேட்டியைப் பிடுங்கியது.

"வா போவம். எவன் பாக்கப்போறான்?"

"அந்தத் தம்பி உக்காந்துருந்தாருல்லண்ணே? நம்ம புயலுக்கு அவரு உக்காந்துட்டாரு. அவங்க புயலுக்கு நான் எந்திரிச்சு ஓடுனா நல்லாருக்குமா?"

வைரக்கண்ணு தங்கை தலையில் கையை வைத்துவிட்டு இறங்கிப் போனார். முதுகு குலுங்கியது தெரிந்தது.

ஒன்பது மணிக்கு அது வந்தது. காற்று என்று அதைச் சொல்லக்கூடாது. காற்றுக்கு ஏற்ற இறக்கம் உண்டு, மூச்சு வாங்கும். இது மூச்சே வாங்கவில்லை. வடக்கிலிருந்து ஒரே பிடியாகத் தள்ளியது. தென்னைகள் ஒடிகிற சத்தம்கூடக் கேட்கவில்லை, கண்ணெதிரே இருந்தது இல்லாமல் போயிற்று, அவ்வளவுதான். கூரைத் தகடு ஒன்று பிய்ந்து போனது. தமயந்தி நாற்காலியைத் தூணோடு கயிறுபோட்டுக் கட்டி, தன்னையும் அதோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். செல்லியம்மனைக் கூப்பிட்டாள். கூப்பிட வெட்கமாகவும் இருந்தது, கூப்பிடாமலும் இருக்க முடியவில்லை. இரண்டு மணி நேரம் அப்படியே போனது.

பதினொன்றேகாலுக்கு யாரோ விசையை அணைத்ததுபோல் எல்லாம் நின்றது.

அவள் கட்டை அவிழ்த்துக்கொண்டு வெளியே வந்தாள். தலைக்கு மேல் வானம் நீலம். துடைத்துவைத்த நீலம். நடுவில் சூரியன். நாலா பக்கமும், ஏழெட்டு மைலுக்கு அப்பால், மேகத்தால் ஆன சுவர் பூமியிலிருந்து கிளம்பி ஆகாயம்வரை நின்றது. அது சுற்றுவது தெரிந்தது. சத்தமில்லாமல், அவசரமில்லாமல், வெயில் பட்டுப் பால்போல் வெளுத்துச் சுற்றிக்கொண்டிருந்தது. மேலே விளிம்பு எங்கே முடிகிறதென்று பார்க்கத் தலையைப் பின்னால் சாய்த்துச் சாய்த்து அவளுக்குக் கழுத்து வலித்தது.

ஆலா என்னும் கடற்பறவைகள் நூற்றுக்கணக்கில் கொட்டகைக் கைப்பிடியிலும் படியிலும் வந்து விழுந்தன. எந்தக் கடலிலிருந்து கண்ணுக்குள் மாட்டிக்கொண்டு வந்தனவோ! பறக்கத் தெம்பில்லை, மனுஷியைப் பார்த்துப் பயப்படவும் தெம்பில்லை. ஒன்று அவள் பாதத்தின் மேலேயே உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டது. தமயந்தி அசையாமல் நின்றாள். சாகத்தான் போகிறோம் என்றாலும் இதைப் பார்த்துவிட்டோமே என்று நினைத்தாள். அழுகையும் வந்தது.

உள்ளே வானொலி கரகரத்தது.

"அக்கா! தாழந்துறை அக்கா! கேக்குதோ?"

பறவையை மெல்ல நகர்த்திவிட்டுப் போய் எடுத்தாள். "கேக்குதும்மா."

"திரையில கண் உங்கட ஊருக்கு மேல நிக்குது. நீங்கள் சனத்தோட உள்ளுக்குத்தானே? இன்னும் ஏன் கொட்டகை இலக்கத்தில கதைக்கிறியள்?"

"நான் கொட்டகைலதான் இருக்கேன்."

"என்ன? விசரோ உங்களுக்கு? ஏன் போகேல்லை?"

"எங்க வழக்கம்மா. அழைச்சவ எந்திரிக்கக் கூடாது. உங்க வீட்டுக்காரரும் அப்படித்தான உக்காந்துருந்தாரு?"

இணைப்பு போய்விட்டதோ என்று தமயந்தி இரண்டு முறை கூப்பிட்டாள்.

"எங்கட ஊரில அப்பிடி ஒரு வழக்கம் இல்லை அக்கா."

"என்னம்மா சொல்ற?"

"கூப்பிட்டவரும் சனத்தோடதான் போறது. காப்பகத்துக்கு வந்து, 'வந்து சேந்திட்டன்' எண்டு வானொலியில சொல்ல வேணும். அதுதான் எங்கட வழக்கம். அண்டைக்கு நான் காப்பகத்தில வானொலியை வச்சுக்கொண்டு இருந்தனான். அவர் வரேல்லை. ஏன் நிண்டவர், ஏன் நிண்டவர் எண்டு மூண்டு வருசமா நான் விசரி மாதிரி... சனம் என்னென்னவோ கதைச்சது. குடிச்சிருந்தவர் எண்டு சொன்னவை. எனக்கும் அவருக்கும் சண்டை எண்டு சொன்னவை."

'அப்பிடியோ?' என்று அன்றைக்கு யோகராசா கேட்டது தமயந்தியின் காதில் கேட்டது. முதல்முதலாக ஒன்றைக் கேள்விப்படுகிறவர் குரல் அது. மூன்று வருஷமாக அவள் காதில் அது விழவே இல்லை.

"நாந்தாம்மா சொன்னேன்" என்றாள். "எங்க ஊருல இப்படின்னு நாந்தான் அவருகிட்ட சொன்னேன். பேச்சுவாக்குல சொன்னேன். ஐயோ, எங்க புயலுன்னு எங்க வழக்கப்படி உக்காந்துட்டாரா? நாந்தான் அவரக் கொன்னுட்டேனா?"

தவமலர் அழுதாள். தமயந்தி கேட்டுக்கொண்டு நின்றாள். அந்த அழுகையில் கோபம் இருந்தது, அதற்குமேல் இன்னதென்று சொல்ல முடியாத ஓர் ஆசுவாசமும் இருந்தது. பிறகு அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு பேசியபோது குரல் கெட்டியாகிவிட்டது.

"அக்கா, இது ஆற்றை புயல்?"

"என்னம்மா?"

"இப்ப உங்கட தலைக்கு மேல நிக்கிற புயல். ஆற்றை முறை?"

"உங்க முறை. கண்டல்முனைப் புயல்."

"ஓம். எங்கட புயல். உங்கட புயலுக்கு அவர் உங்கட வழக்கப்படி நிண்டவர். எங்கட புயலுக்கு நீங்கள் எங்கட வழக்கப்படி நடக்க வேணும். வெளிக்கிடுங்கோ. கண் கடக்க இன்னும் இருபத்தேழு நிமிசம் கிடக்கு. அதுக்குப் பிறகு தெற்குக் காத்து கடலைத் தூக்கிக்கொண்டு வரும். அவரைக் கொண்டுபோனது அதுதான். கெதியா வெளிக்கிடுங்கோ!"

தமயந்தி நாற்காலியைப் பார்த்தாள். கட்டியிருந்த கயிறு தொங்கிக்கொண்டிருந்தது. சுவரில் மாட்டியிருந்த கைவானொலியை இடுப்பில் செருகிக்கொண்டு படியிறங்கினாள். கீழே முழங்கால் அளவு தண்ணீர். தாழந்துறையின் புயல் காப்பகம் ஒரு மைல் தள்ளி, மேட்டில் இருந்தது. விழுந்த தென்னைகளை ஏறித் தாண்டினாள், மின்கம்பத்தைக் குனிந்து கடந்தாள், செருப்புப் போனது, கால் கிழிந்தது. சுற்றிலும் அந்த வெள்ளைச் சுவர் அவளோடு கூடவே நடந்தது. கடல் பக்கத்துச் சுவர் மட்டும் ஒவ்வொரு தரம் நிமிர்ந்து பார்க்கும்போதும் பெரிதாகியிருந்தது.

"எங்க நிக்கிறியள்?" என்று இடுப்பில் தவமலர் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"பள்ளிக்கூடத்தத் தாண்டிட்டேன்."

"நிக்காதேங்கோ. இப்ப எங்க?"

"கோயில்கிட்ட. தேர்க்கொட்டகை கெடக்கு, தேரு சாஞ்சு போச்சு."

"தேரைப் பாக்காதேங்கோ அக்கா, நடவுங்கோ!"

மேட்டில் ஏறும்போது வெயில் அணைந்தது. முதுகில் ஈரக்காற்று ஒன்று வந்து தொட்டது. தெற்கிலிருந்து. இரும்புக் கதவைத் திறந்து உள்ளே விழுந்து, உடம்பால் தள்ளிச் சாத்தி, தாழ்ப்பாளைப் போட்டாள். அடுத்த மூச்சில் வெளியே உலகம் உறுமத் தொடங்கியது. கடற்கரையிலிருந்த முறைக்கொட்டகை, எட்டுத் தூணோடும் நாற்காலியோடும், அந்த உறுமலில்தான் போயிற்று.

அவள் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்தாள். பிறகு கைவானொலியை வாயருகே கொண்டுபோனாள்.

"தவமலர்."

"சொல்லுங்கோ."

"வந்து சேந்துட்டேன்."

கரகரப்புக்கு நடுவே மூச்சுமட்டும் கேட்டது. மூன்று வருஷமாக அந்தச் சொல்லுக்குக் காத்திருந்தவள் அவள்.

"ஓம்" என்றாள் தவமலர் கடைசியில். "கேட்டது."